சித்தேரி மலையில் அம்மா அப்பா, கையில் சீனியர் லிவிங் பிரோஷர்: லோன் போடும் முன் ஒரு நிமிஷம்!



போன மாசம் நம்ம சேனலுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவருக்கு 29 வயசு. சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் இருக்கும் சித்தேரி மலை. வேலை பெங்களூரில். பிடித்தம் எல்லாம் போக கைக்கு வருவது 55,000 ரூபாய். அவர் எழுதியதை அப்படியே சுருக்கமா தர்றேன்.

"அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. மலையில தனியா இருக்காங்க. கோயம்புத்தூர்ல ஒரு சீனியர் லிவிங் பிரோஷர் பார்த்தேன். யோகா, பஜனை, டூர்னு மாசம் முழுக்க ஏதாவது நடக்குது. டெபாசிட்டுக்கு பர்சனல் லோன் போட்டு அங்க சேர்த்துடலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். லோன் போடாதீங்க. ஆனா சீனியர் லிவிங்கே வேண்டாம்னு நான் சொல்லல. உங்க வீட்டில் எது குறையுதுன்னு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி அதுக்குப் பணம் கட்டாதீங்க என்றுதான் சொல்றேன்.

அத்தை வீட்டுக் கதவில் ஒரு காலண்டர்

கோயம்புத்தூர் இந்தியாவிலேயே சீனியர் லிவிங் அதிகமாக வளர்ந்த ஊர்களில் ஒன்று. மிதமான வெயில், பெரிய ஆஸ்பத்திரிகள், ஏர்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது காரணம். கோவை கேர், அனன்யாஸ் நானா நானி ஹோம்ஸ் போன்ற பெயர்களை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. சென்னைப் பக்கம் மறைமலைநகரில் ஆஷியானா சுபம் இருக்கு. (இது விளம்பரம் இல்லை. யாரிடமும் நான் காசு வாங்கல.)

என் அத்தை இப்படி ஒரு இடத்தில்தான் இருக்காங்க. மாமா இறந்த பிறகு, சொந்த வீட்டில் இரண்டு வருஷம் தனியா இருந்துட்டு அங்க போனாங்க. நான் மூணு நாள் தங்கிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாடி அந்த மாசத்துக் காலண்டர் ஒட்டியிருந்தது.

தினமும் காலை யோகா. வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வந்து பிபி, சுகர் பார்ப்பார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு வேன். ஏகாதசிக்குத் தனி மெனு. சனிக்கிழமை தம்போலா. அந்த மாசம் பிறந்தநாள் வரும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாளில் கேக். மாசக் கடைசியில் குடியிருப்போர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் சாம்பாரில் உப்பு அதிகம் என்பதைப் பற்றியே பேசினாங்க!

கிளம்பும்போது அத்தை என்கிட்ட சொன்னது: "புதன்கிழமை பத்து மணிக்குப் போன் பண்ணாதப்பா, மெனு கமிட்டி இருக்கு."

இரண்டு வருஷமா "சாப்டியா? தூங்கினியா?" தவிர பேச விஷயமே இல்லாதவங்க இப்போ பிஸியா இருக்காங்க. அவங்க சொந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான். வங்கிப் பென்ஷனும் இருந்தது. குறைஞ்சது பேச்சுத் துணை மட்டும்தான். அதை அவங்க காசு கொடுத்து வாங்கினாங்க. அவங்களுக்கு அது சரியான செலவு.

மலையில் ஒரு மாசம் எப்படிப் போகுது?

மெயில் அனுப்பிய நண்பரிடம் சொல்லி அவங்க அம்மாவிடம் போனில் பேசினேன். "ஒரு மாசம் உங்களுக்கு எப்படிம்மா போகுது?"ன்னு கேட்டேன்.

ரேஷன் வாங்கும் நாள். அரூர் சந்தைக்குப் போகும் நாள். சாமைக்கு களை எடுக்கும் வாரம். புளி உலுக்கும் காலம் வந்தா பத்து நாள் அதிலேயே போகும். ஊரில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல்... பட்டியல் போய்க்கிட்டே இருந்தது.

அப்புறம் சொன்னாங்க: "பகல் ஓடிடுது கண்ணு. ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கினா யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. அதான் பயம்."

நண்பர்களே, கவனிச்சீங்களா? மகன் வாங்க நினைச்சது யோகாவும் தம்போலாவும். அம்மாவுக்குக் குறைஞ்சது ராத்திரி ஒரு வண்டியும், ஒரு போன் நம்பரும். ஆட்கள் நிறைஞ்ச மாசம் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. கோயம்புத்தூர் போனா அதை இழந்துடுவாங்க. பாஷை, சாப்பாடு, பழக்கம் எல்லாமே அங்க வேற. சாமைச்சோறும் களியும் சாப்பிட்டவங்க, ஏகாதசி மெனு கமிட்டியில் உட்கார்ந்து என்ன பேசுவாங்க?

இதைச் சொன்னா கொஞ்சம் கஷ்டமா இருக்கும், இருந்தாலும் சொல்றேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போறோம் என்ற குற்ற உணர்ச்சி நம்மில் பலருக்கு இருக்கு. அந்த பிரோஷரில் நாம வாங்கப் பார்ப்பது பல நேரம் அவங்க நிம்மதியை இல்ல, நம்ம நிம்மதியை.

இப்போ கணக்குக்கு வருவோம்

இடத்துக்கு இடம் கட்டணம் மாறும். கணக்குக்காக, டெபாசிட் 8 லட்சம், இருவருக்கும் சாப்பாடு, பராமரிப்பு சேர்த்து மாசம் 40,000 என்று வைத்துக்கொள்வோம்.

8 லட்சம் பர்சனல் லோன், 12% வட்டி, 5 வருஷம்: இஎம்ஐ சுமார் 17,800.
மாசக் கட்டணம்: 40,000.
மொத்தம்: 57,800.
சம்பளம்: 55,000.

பெங்களூரில் உங்க வாடகையும் சாப்பாடும் இன்னும் கணக்கிலேயே வரல!

இன்னொரு விஷயம். மாசக் கட்டணம் அப்படியே நிற்காது. வருஷம் 6% ஏறினால்கூட இன்றைய 40,000 பத்து வருஷத்தில் சுமார் 71,600 ஆகும். 15 வருஷத்தில் சுமார் 95,900. பிரோஷரில் இருப்பது இந்த வருஷத்து விலை மட்டும்தான்.

"அப்பா அம்மா பணத்தைப் போட்டு வட்டியில் சமாளிக்கலாமே?" என்று சிலர் கேட்பீங்க. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2%. மூணு மாசத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாசத்துக்கு 20,500. முழு 30 லட்சம் போட்டாலும் மேலே சொன்ன கட்டணத்தில் பாதிதான் தேறும். அந்த வட்டி ஏறவும் ஏறாது, கட்டணம் மட்டும் ஏறும்.

"நிலத்தை வித்துடலாம்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சித்தேரி மாதிரி மலைக் கிராமங்களில் உங்க நிலம் 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த பட்டாவா என்று முதலில் பாருங்க. அந்த நிலம் வாரிசுகளுக்கு வரும், ஆனா அதை விற்கவோ வேறு ஒருவருக்கு மாற்றவோ முடியாது. "நான் பார்த்துக்கறேன், பவர் மட்டும் எழுதிக்கொடுங்க" என்று யாராவது வந்தால் ஓடிடுங்க.

அதே அக்கறை, மாசம் 12,000-ல்

அந்த நண்பருக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இது. தொகைகள் என் மதிப்பீடு. உங்க ஊர் நிலவரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

1. தினமும் காலை, இரவு வந்து பார்த்து, தேவைப்பட்டால் சமைத்தும் தர பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர்: 5,000. உறவுக்காரங்களா இருந்தாலும் சம்பளமாகவே கொடுங்க. உதவியாக் கேட்டா ரெண்டு மாசம் நடக்கும், சம்பளமா இருந்தா தொடர்ந்து நடக்கும்.

2. ஊரில் வண்டி வைத்திருப்பவரிடம் மாச ஒப்பந்தம்: 3,000. மாசம் ஒரு தடவை அரூர் அரசு மருத்துவமனைக்குச் செக்கப். ராத்திரி எந்த நேரம் கூப்பிட்டாலும் வரணும். 108-க்குக் கட்டாயம் கூப்பிடுங்க, ஆனா மலைப்பாதையில் அது ஏறி வரும் நேரத்தையும் யோசிக்கணும். பாதி வழி நம்ம வண்டி இறங்கி வந்தால் அந்த நேரம் மிச்சம்.

3. பரிசோதனை, மருந்து: 2,000. பிபி, சுகர் மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கு. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. உங்க பெற்றோர் பெயர் பதிவாகியிருக்கான்னு கேளுங்க.

4. மாசம் ஒரு தடவை நீங்க ஊருக்குப் போய் வரும் செலவு: 2,000. இந்த வரியை மட்டும் வெட்டாதீங்க!

மொத்தம் 12,000. சம்பளத்தில் சுமார் 22%.

இதுக்கு மேல தனியா ஒரு லட்சம் ரூபாய் எப்டியில், எப்போ வேணும்னாலும் உடைக்கிற மாதிரி. மழைக்காலத்துக்கு மட்டும் அரூரில் ஒரு சின்ன வாடகை வீடு பார்ப்பதும் நல்ல யோசனைதான். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி, அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குதுன்னு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழுசா ஒரு தடவை காட்டுங்க. காரணம் தெரியாம பயந்துக்கிட்டே இருக்கிறதுதான் பெரிய செலவு.

அரசு தருவதையும் விடாதீங்க. தகுதி உள்ளவங்களுக்குத் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆனது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு உங்க குடும்பம் தகுதியான்னு பாருங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கியது. அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான், தேதியைக் குறிச்சு வைங்க. பெரியவங்களுக்கான உதவி எண் 14567. அதை வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைங்க.

அப்போ எப்பதான் போகலாம்?

மேலே உள்ள திட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஞாபக மறதி நோய் வந்தால், ஒருவர் இறந்து இன்னொருவர் சமைக்கக்கூட முடியாம இருந்தால், ஊரே காலியாகி பக்கத்து வீட்டில் ஆள் இல்லைன்னா, நல்ல சீனியர் லிவிங்தான் சரி. அதில் வெட்கப்பட எதுவும் இல்ல. "நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு பயந்து பெத்தவங்களைத் தனியா விடுவதுதான் தப்பு.

போறதுன்னு முடிவானா இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்க:

- இது விற்பனையா, குத்தகையா, வாடகையா? விற்பனை என்றால் தமிழ்நாடு ரெரா பதிவு எண் என்ன?
- டெபாசிட் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு திரும்ப வரும்?
- கடந்த ஐந்து வருஷத்தில் மாசக் கட்டணம் எவ்வளவு ஏறியது? ஜிஎஸ்டி தனியா?
- படுத்த படுக்கையானால் இங்கேயே வைத்துப் பார்ப்பீங்களா, வெளியே போகச் சொல்வீங்களா? நர்ஸுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு?
- கட்டியவர் வேற, நடத்துபவர் வேற என்றால், நடத்துபவர் விலகினால் பொறுப்பு யாருக்கு? 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல் கட்டியவர், நடத்துபவர், வாங்குபவர் என்ற முத்தரப்பு ஒப்பந்தத்தைச் சொல்லுது. அப்படி ஒன்று இருக்கான்னு கேளுங்க.

அப்புறம், வர்ற மாசத்துக் காலண்டரைக் கேட்காதீங்க, போன மாசத்துக் காலண்டரைக் கேளுங்க. அதில் எத்தனை நிகழ்ச்சி நிஜமா நடந்தது, எத்தனை பேர் வந்தாங்கன்னு அங்க இருக்கிற நாலு பேரிடம் விசாரிங்க. முடிஞ்சா ஒரு மாசம் வாடகைக்குத் தங்கவிட்டு, அப்பா அம்மாவே முடிவு பண்ணட்டும். இடம் வாங்கினால் அவங்க பேரிலேயே இருக்கட்டும்.

கடைசியா, உங்க முறை

அப்பா அம்மாவுக்கு வயலும் ஊரும் இருக்கு. அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் பேரே தெரியாத நமக்கு 65 வயசில் என்ன இருக்கும்? நம்மில் பலருக்கு அந்தக் காலண்டரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

25 வயசில் தொடங்கி 35 வருஷம், மாசம் 5,000 எஸ்ஐபி, 10% வருமானம் என்று எடுத்தால் சுமார் 1.9 கோடி. பெரிய தொகை மாதிரி தெரியுதா? 6% விலைவாசியில் இன்றைய 40,000 அப்போ மாசம் சுமார் 3.07 லட்சம். அந்த 1.9 கோடி ஐந்து வருஷத்துக்கு மேல கொஞ்சம்தான் தாங்கும். அதனால ஒவ்வொரு இன்க்ரிமெண்ட்டுக்கும் எஸ்ஐபியை ஏத்துங்க. 10% வருமானத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் மறக்காதீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்க. வீட்டுக்குப் போன் பண்ணி, "சாப்டீங்களா?"க்கு அப்புறம் இன்னொரு கேள்வி கேளுங்க: "மாசத்துல எந்த நேரம் உங்களுக்குப் பயமா இருக்கு?" வரும் பதிலை எழுதி வைங்க. உங்க பட்ஜெட்டில் முதல் வரி அதுதான். பிரோஷரை அதுக்கு அப்புறம் திறக்கலாம்.

உங்க வீட்டுப் பதில் என்னன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.