மூச்சு நின்ற கணக்கு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடுகள் விடியுமுன்பே வந்து இறங்கிவிடும். பெங்களூர்ச் சாலையில் லாரிகளின் ஓட்டமோ இரவு முழுதும் ஓய்வதில்லை. இவ்விரண்டு ஓசைகளுக்கும் பல ஆண்டுகளாகப் பழகிப்போன எங்களை நள்ளிரவில் எழுப்பியது ஓசையன்று, ஓசை நின்றுபோனதுதான். எங்கள் வீட்டுக்காரரின் குறட்டை திடீரென்று அறுபடும். இருட்டில் எண்ணத் தொடங்குவோம். பதினைந்து, இருபது, சில இரவுகளில் முப்பதுக்கு மேலும் எண்ணியிருக்கிறோம். பிறகு கிணற்றில் மூழ்கியவர் தலைதூக்குவது போல ஒரு திணறல், ஒரு புரளல், மீண்டும் குறட்டை. காலையில் கேட்டால், "அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன், உனக்குத்தான் தூக்கம் வராத வியாதி" என்பார்.

எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு ஒரு பொருளுக்கு மூன்று சொற்கள் கிடைக்கும். தமிழில் குறட்டை, தெலுங்கில் குரக, கன்னடத்தில் கொரகெ. எங்கள் மாமியார் மகனைத் தெலுங்கில்தான் கேலி செய்வார். குறட்டையைச் செழிப்பின் அடையாளமாகக் கருதும் தலைமுறை அவருடையது. ஓசைக்கு இத்தனை பெயர்கள் இருந்தும், அதன் நடுவே விழும் அந்த மௌனத்துக்கு எங்கள் வீட்டில் பேசப்படும் எந்த மொழியிலும் பெயர் இருக்கவில்லை. மருத்துவம் அதற்கு வைத்திருக்கும் 'ஆப்னியா' என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. மூச்சின்மை என்பது பொருள். நோய் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. ஓசை அதன் முன்னறிவிப்பு மட்டுமே.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஓரிரவு தங்கிப் பரிசோதனை நடந்தது. மூளை அலைகளுக்குத் தலையில் கம்பிகள், கண்ணசைவுக்கு இரண்டு, தாடையின் கீழ், கால்களில், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் அளவி. இத்தனையையும் அணிந்துகொண்டு எப்படித் தூங்குவது என்பது நியாயமான கேள்விதான். முதல் இரவில் எவருக்கும் வழக்கமான உறக்கம் வாய்ப்பதில்லை என்பதை உறக்க ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சில நாள் கழித்து நான்கு பக்க அறிக்கை வந்தது. "கடுமையான தடைவகை உறக்க மூச்சின்மை. இயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி முடிக்க மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை. அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு, புரியாத ஏடு கையில் கிடைத்தால் உரை தேடும் பழக்கம் உண்டு. அன்றிரவே சாப்பாட்டு மேசையில் அறிக்கையை விரித்து இருவருமாக உட்கார்ந்தோம்.

அறிக்கையின் நடுநாயகம் ஏ.எச்.ஐ. என்னும் ஓர் எண். உறக்கத்தின் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குன்றியது என்பதே அது. ஐந்துக்குக் கீழ் இயல்பு, ஐந்து முதல் பதினைந்து வரை லேசானது, முப்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எங்களுக்கு வந்தது 32. ஆறு மணி நேர உறக்கத்தில் 192 நிகழ்வுகள். முதலில் அந்த எண் எங்களைக் கலங்கடித்தது. பிறகு அது எப்படிப் பிறக்கிறது என்று கற்கத் தொடங்கியதும் கலக்கம் வேறு வகையாக மாறியது.

மூச்சு முற்றிலும் நிற்பதைக் கணக்கிடுவதில் பெரிய சிக்கலில்லை. பத்து நொடி நின்றால் ஒன்று. ஆனால் அறுபது நொடி நின்றாலும் அதுவும் ஒன்றுதான்! குன்றுவதைக் கணக்கிடுவதிலோ இரண்டு வழக்குகள் உள்ளன. காற்றோட்டம் முப்பது சதவீதமாவது குறைந்து, அதனோடு ஆக்சிஜன் மூன்று சதவீதம் இறங்கினாலோ மூளை ஒரு கணம் விழித்தாலோ எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்பது ஒன்று. நான்கு சதவீதம் இறங்கினால்தான் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இரண்டாம் கணக்கும் இருந்தது: 23. அதே மனிதர், அதே இரவு, அதே மூச்சு. ஒரு விதிப்படி கடுமை, மறு விதிப்படி நடுத்தரம். இன்னொன்றும் உண்டு. வீட்டிலேயே செய்யும் எளிய கருவிகள் பலவற்றில் மூளை அலை பதிவாவதில்லை. ஆகவே தூங்கிய நேரத்தால் வகுக்காமல் கருவி ஓடிய நேரத்தால் வகுக்கிறார்கள். அந்த 192ஐ ஏழரை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், 26கூட வராது. விழிப்பால் மட்டும் தெரியவரும் நிகழ்வுகள் அங்கே எண்ணிக்கையிலேயே சேரமாட்டா.

இதனால் நோய் பொய் என்று ஆகாது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரு நூற்பாவுக்கு வேறுவேறு உரை காண்பதால் தொல்காப்பியம் இல்லையென்று ஆகிவிடுமா? ஆனால் எந்த உரையைக் கொண்டு பொருள் சொன்னீர்கள் என்று ஆசிரியரைக் கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. நோயாளிக்கும் அது உண்டு என்பதே எங்கள் வழக்கு.

எண்ணைவிட அதிகம் பேசியவை அதைச் சுற்றியிருந்த சிறு பெட்டிகள். மல்லாந்து படுத்தபோது மணிக்கு 47, ஒருக்களித்துப் படுத்தபோது 14. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது. நாங்கள் இருட்டில் எண்ணிய மௌனத்தின் மறுபக்கம் அங்கே கோடாக வரையப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார்.

அதுவரை அவர் எங்களை நம்பவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் அந்தக் கோப்பில் இருந்தது. எப்வர்த் அளவுகோல் என்று ஒரு வினாத்தாள். மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்குச் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண். பத்தைத் தாண்டினால் பகலுறக்கம் மிகுதி. அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்டது 6. வீட்டில் அவருக்காக நாங்கள் போட்டுப் பார்த்தபோது 15. கார் நெரிசலில் நிற்கும்போது உறங்குவீர்களா என்று அந்தத் தாள் கேட்கிறது. ஓசூரில் இரவுப் பணி முடித்து, சூளகிரி வழியாக, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் லாரிகளுக்கிடையே இருசக்கர வண்டியில் வருபவரிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. ஒரு நாள் காலையில் வண்டியைத் தேநீர்க்கடையோரம் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே தூங்கியிருக்கிறார். கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கு எந்தப் பெட்டியில் மதிப்பெண் போடுவது?

உறங்குபவர் தம் உறக்கத்துக்குச் சாட்சியாக முடியாது. ஆகவே மருத்துவர் அறிக்கையை விளக்கும்போது, அருகில் படுப்பவரும் அறையில் இருக்கவேண்டும், அவர் சொல்வதும் கோப்பில் ஏறவேண்டும். நாங்கள் வாய் திறந்தபோது, "அம்மா, அதெல்லாம் மெஷினில் பதிவாகியிருக்கிறது" என்று பதில் வந்தது. பதிவானது ஓரிரவு. நாங்கள் கேட்டது பல நூறு இரவுகள்.

இந்நோய் புதியதன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் பேப்பர்ஸில், நின்ற இடத்தில் தூங்கிக் குறட்டை விடும் ஒரு பருத்த பையன் வருவான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். இலக்கியம் பயில்வோர் மகிழலாம். ஆனால் அந்தப் பையனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. பருமனானவர்களுக்கே இது வருமென்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஒல்லியானவர். தாடை அமைப்பும் தொண்டையின் குறுகலும் போதும். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மறைந்தபோது காரணங்களில் ஒன்றாக இந்நோயின் பெயர் நாளேடுகளில் வந்தது. சில நாள் பேசினோம், மறந்தோம். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இது இருக்கலாம். அவர்களில் எத்தனை பேர் இந்தச் சாலையில் இரவில் வண்டியோட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

மோசிகீரனாரின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில், அறியாமல் ஏறி உறங்கிவிட்ட புலவர் அவர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. எங்கள் கிருஷ்ணகிரியும் 2004 வரை அம்மாவட்டத்தில்தான் இருந்தது. தகாத இடத்தில் உறங்கியவரை வாளால் வெட்டியிருக்கலாம். அரசனோ கவரி எடுத்து வீசினான். கொடைச்சிறப்பு என்று பாடம் நடத்திவிட்டு நகர்ந்துவிடுவோம். இவ்வாண்டு அந்த இடத்தில் நின்றுவிட்டோம். எங்கள் வீட்டுக்காரருக்கும் ஓர் இரவுப் பணியில் இயந்திரத்தின் அருகே கண்ணயர்ந்ததற்காக மெமோ கொடுத்தார்கள். "பணியில் அலட்சியம்" என்று அதில் எழுதியிருந்தது. ஏன் உறங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் அப்போது பதில் இல்லை.

அச்சம் அங்கேதான் இருக்கிறது. அறிக்கையைக் காட்டினால் வேலை போய்விடுமோ என்று அவர் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். எங்கள் தெருவிலுள்ள லாரி ஓட்டுநர் ஒருவர், பரிசோதனைக்கே போகமாட்டேன் என்கிறார். "தெரிந்தால்தானே அக்கா வியாதி?" பிரிட்டனில் பகலுறக்கத்தோடு கூடிய கடுமையான நோயுள்ள ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறைக்குத் தெரிவித்தாகவேண்டும், சிகிச்சையில் கட்டுக்குள் வந்ததும் மீண்டும் ஓட்டலாம். நோயைச் சொன்னவன் திரும்பி வர அங்கே ஒரு வாசல் இருக்கிறது. வாசலில்லாத இடத்தில் உண்மை சொல்லுமாறு எவரையும் கேட்க முடியாது.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் கண்ட முறை அது. முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காப்பது. அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழி. விலை, தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். இதயத்தைக் காக்கும் என்று விற்பவர் அடித்துச் சொன்னார். இதயநோயோ பக்கவாதமோ முன்பே வந்தவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பயன் தெளிவாகக் கிடைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றே கால் மணி நேரம்தான் அணிந்தார்கள். பகலுறக்கமும் மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைந்தன. எங்களுக்கு வேண்டியதும் அதுதான், சூளகிரி ஏற்றத்தில் கண் திறந்திருக்க வேண்டும்.

முதல் வாரம் முகமூடியை உறக்கத்திலேயே பிடுங்கி எறிந்தார். ஓரிரவு மின்சாரம் போய், மூடியதற்குள் திணறி எழுந்தார். இப்போது ஐந்து மணி நேரம் நிற்கிறது. எங்களுக்குத்தான் புதிய தொல்லை. அந்த மெல்லிய காற்றோசை சீராக வந்துகொண்டேயிருக்க, இடையில் நின்றுவிடுமோ என்று விழித்துக்கொண்டு எண்ணுகிறோம்.

சென்ற வாரம் பீரோவைத் திறந்து, அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை நகலெடுத்து, ஆலை மருத்துவரிடம் கொடுத்திருக்கிறார். கூடவே இரவுப் பணியிலிருந்து விடுவிக்கக் கோரி ஒரு விண்ணப்பம். எழுதிக் கொடுத்தது நாங்கள். இன்னும் பதில் வரவில்லை.