மூன்று கம்பி, ஒரு பூட்டு

சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது என் பொழுதுபோக்கு என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் முதலில் கேட்பது, “அது திருட்டு வேலையாச்சே?” என்பதாகத்தான் இருக்கும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் சதுரங்கம், ரூபிக் கியூப் மாதிரி இதையும் ஒரு புதிராக எடுத்துக்கொண்டு விளையாடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் 1997-லேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். நெதர்லாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளில் சங்கங்கள் உண்டு. போட்டி வைத்து, நேரம் குறித்து, பரிசும் கொடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி தன் கடை சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறந்து காட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. பல்லாண்டு காலம் யாராலும் முடியவில்லை. 1851-ல் அங்கே பெரும் கண்காட்சி நடந்த சமயம், ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டார். பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது.

நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசியதிலிருந்து ரந்தாவ், பகாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த செட் வாங்கலாம்? அதற்குப் பதில் சொல்லுமுன் பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

நம் வாசல் கேட்டில் தொங்கும் பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை பின் வகை. அமெரிக்கரான லைனஸ் யேல் (மகன்) 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற அமைப்பு. சாவி நுழையும் உருளையைக் குறுக்கே மறித்துக்கொண்டு நாலைந்து பின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு, அதன் தலையில் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி போனால் எல்லாப் பின்களின் பிளவும் ஒரே கோட்டில் வந்து நிற்க, உருளை சுழலும்.

பின்களுக்கான துளைகளைப் போடும் இயந்திரம் நூல் பிடித்தாற்போல் போடுவதில்லை. மயிரிழை விலகல் இருக்கும். அதனால் உருளையை லேசாக முறுக்கிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாது. ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடித் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு அடுத்த பின் இறுகும். இப்படி ஒவ்வொன்றாக வைத்தால் பூட்டு திறந்துகொள்ளும். ஹெட்போனும் காதுமாக வாழ்கிற எனக்கு அந்த ‘டிக்’ பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

எதை வாங்குவது?

ஆன்லைனில் தேடினால் இருபது, முப்பது துண்டுகள் கொண்ட செட் தோல் பையோடு வரும். ஆரம்பத்தில் அது வேண்டாம். பாதிக் கம்பிகளை நீங்கள் தொடவே மாட்டீர்கள். மலிவான செட்டுகளில் இரும்பு மெலிசாக இருக்கும், இரண்டாம் நாளே வளைந்துவிடும். ஓரமும் தீட்டப்படாமல் சொரசொரப்பாக இருப்பதால் பின் அசைவது கைக்குத் தெரியாது.

மூன்று போதும். முதலாவது, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த கொக்கிக் கம்பி. ஒவ்வொரு பின்னாகத் தள்ள இதுதான் உழைக்கும் கை. இரண்டாவது, அலைபோல நெளிந்த ரேக் கம்பி. பல பின்களை ஒரே இழுப்பில் குலுக்கிப் பார்க்க. மூன்றாவது, உருளையை முறுக்கிப் பிடிக்கும் கம்பி. இதில் மட்டும் இரண்டு அளவு வாங்குங்கள். ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கொக்கிக் கம்பியின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலான பூட்டுக்குச் சரி. சாவித் துளை ஒடுக்கமாக இருந்தால் 0.5. புதிதாகப் பழகுகிறவர்கள் கொக்கியைப் பற்றியே கவலைப்படுவார்கள். உண்மையில் கை பழக வேண்டியது முறுக்குக் கம்பியில். ஒரு விரலின் பாரம் போதும். அழுத்திப் பிடித்தால் எல்லாப் பின்களும் சிக்கிக்கொள்ளும்.

பழகும் பூட்டு? கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பூட்டு ஒரு நாள் பார்த்துப் புரிந்துகொள்ள மட்டும் உதவும். துளைகள் தளர்வாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் திறந்துவிடும். கண் பழகும், விரல் பழகாது. ஹார்ட்வேர் கடையில் நாலு பின் உள்ள சாதாரணத் தொங்கு பூட்டு ஒன்று வாங்குங்கள். அது கைவந்த பிறகு, பின்களைக் கழற்றி மாட்டக்கூடிய பயிற்சி சிலிண்டர். இரண்டு பின்னோடு தொடங்கி, மூன்று, நாலு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். நூற்கண்டு வடிவத்தில் இடுப்பு சிறுத்த ‘ஸ்பூல்’ பின் உள்ள பூட்டு அதற்கும் பிறகு. அது திறந்ததுபோல் ஏமாற்றும். ரசிக்க வேண்டிய ஏமாற்று.

ஊருக்குப் போய்வந்த ஒருவர், திண்டுக்கல் பூட்டில் பழகலாமா என்று கேட்டார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற, கையால் செய்யும் பூட்டு. ஆனால் பாரம்பரியத் திண்டுக்கல் பூட்டுக்குள் இருப்பது பின் அல்ல, நெம்புத் தகடுகள். இந்த மூன்று கம்பி அங்கே வேலைக்கு ஆகாது. வாங்கி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

இரண்டு விதி

எல்லா நாட்டுச் சங்கங்களும் சொல்வது இரண்டே விதி. உங்களுக்குச் சொந்தமான, அல்லது சொந்தக்காரர் அனுமதித்த பூட்டை மட்டுமே தொடுங்கள். பயன்பாட்டில் இருக்கும் பூட்டை, அது உங்கள் வீட்டுக் கதவே ஆனாலும், தொடாதீர்கள். பின்னோ ஸ்பிரிங்கோ கெட்டுப்போனால் ராத்திரி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நம் பையன்களுக்கு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். கம்பிகள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. வீடு உடைக்கும் கருவிகளைத் தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இரவு நேரத்துச் சாலைத் தடுப்பில், மோட்டார் சைக்கிள் பெட்டியில் இந்தக் கம்பிகளோடு நிற்கும் தோட்டத்துப் பையன் ‘இது என் ஹாபி, சார்’ என்றால் எடுபடுமா? கம்பிகளையும் பூட்டுகளையும் ரசீதையும் ஒரே டப்பாவில் போட்டு, அப்பா அம்மாவுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். மறைத்துச் செய்தால்தான் சந்தேகம் வரும்.

அம்மா வீட்டுக் கதவு

பெற்றோர் கேட்கலாம்: இதனால் என்ன பயன்? நாலு பூட்டைத் திறந்து பழகியவர் பிறகு எந்தக் கதவையும் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை. இதுதான் பயன்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிள்ளைகள் பலர் சிரம்பான், நீலாய், கோலாலம்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய வீட்டில் அம்மாவோ பாட்டியோ தனியாக. பலகைக் கதவு, மெல்லிய நாதாங்கி, அதை மரத்தோடு பிடித்திருப்பது நாலு குட்டை ஸ்குரூ. திருடன் ‘டிக்’ சத்தத்துக்காகக் காத்திருக்க மாட்டான். நாதாங்கியை நெம்புவான், அல்லது பூட்டின் வளையத்தை வெட்டுவான். விலை உயர்ந்த பூட்டை வாங்கி உளுத்த மரத்தில் மாட்டினால் என்ன லாபம்? மூடியதும் ஸ்குரூ வெளியே தெரியாத நாதாங்கி, மரத்தைத் துளைத்து உள்பக்கம் நட்டுப் போட்டு இறுக்கிய போல்ட், வளையத்தைச் சுற்றித் தோள் உயர்ந்த பூட்டு. இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

இன்னொன்று. இரும்பு கிரில்லை உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கும் வீடுகளில், தீப்பிடித்தால் சாவி தேடவே நேரம் இருக்காது. வெளியிலிருந்து கைக்கு எட்டாத, உள்ளிருப்பவர் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஓர் ஆணியில் சாவி தொங்கட்டும். குழந்தைகளுக்கும் அந்த ஆணி எங்கே என்று தெரிய வேண்டும்.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது, பலகாரப் பையோடு ஒரு ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள்.