கல்லே ஏடாக

எழுத்தில்லா மக்கள் கல்வியில்லா மக்கள் என்னும் எண்ணம் நம்மிற் பலர்க்கு உண்டு. தமிழ் பயிலும் யானும் அவ்வெண்ணம் உடையேனாயிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் நகரில் வாழும் என் சிறிய தந்தையார் இல்லத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். அங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவில், கக்காடு தேசியப் பூங்காவிலுள்ள உபிர் என்னும் பாறைக்குன்றினை நாங்கள் கண்ட அன்றே அவ்வெண்ணம் என்னை விட்டு நீங்கிற்று.

பாறையின் நிழலிலே செங்காவியாலும் வெண்களிமண்ணாலும் மீன்களும் ஆமைகளும் தீட்டப்பட்டுள்ளன. மீனின் புறவடிவம் மட்டுமன்றி, உள்ளிருக்கும் முள்ளும் குடலுந் தோன்ற அவற்றை எழுதியிருக்கின்றனர். வேறோரிடத்தே தைலசைன் என்னும் வரியுடை விலங்கு காணப்படுகின்றது. அவ்விலங்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்தினின்று மறைந்து 2,000 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கண்ணாற் கண்டவர் எழுதிவைத்தாலன்றி அஃது அங்கே இருத்தல் கூடுமோ? பிற்காலத்தே வந்த வெள்ளையரின் உருவமும் அப்பாறையில் உண்டு. இது சரித்திர ஏடன்றி வேறென்ன?

“இவற்றை எழுதினவர்கள் எப்பொழுது அழிந்துபோனார்கள்?” என்று என் தம்பி வினவினான். அவ்வினாவே பிழையுடைத்து. அப்பழங்குடியினர் இன்றும் உளர். அரசினரோடு கூடி அப்பூங்காவைப் பரிபாலித்தும் வருகின்றனர். அதே பூங்காவில் புருங்குய் என்னுமிடத்துள்ள ஓவியங்களை நயொம்போல்மி என்னும் பெரியார் 1964-ஆம் ஆண்டளவில் மீளத் தீட்டினார். செல்லரித்த சுவடியை நம் முன்னோர் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியதும் இத்தகைய செயலே அன்றோ? மேலும், இவ்வோவியக் கதைகளின் புறப்பகுதியே வருவோர்க்குச் சொல்லப்படும். உட்பொருளோ முறைப்படி கற்ற தகுதியுடையார்க்கே உரியது. பாடமும் ஆசிரியரும் பக்குவம் நோக்கிக் கற்பிக்கும் முறையும் அங்கே உள.

“அஞ்ஞானிகளின் கதைகளிற் கிறிஸ்தவனுக்கு என்ன வேலை?” எனச் சிலர் வினவக்கூடும். அவர்கட்கு ஒன்று சொல்வேன். சர்ச் மிஷனெரி சங்கத்தார் சார்பில் 1820-இல் திருநெல்வேலிக்கு வந்த ரேனியுஸ் ஐயர் தமிழ் கற்று அதற்கு இலக்கணமும் எழுதினார். அச்சங்கத்தாரே 1925-இல் உபிருக்கு அணித்தாயுள்ள ஓயன்பெல்லியிலும் ஊழியந் தொடங்கினர். ஆயினும் ஆஸ்திரேலிய நாட்டு மிஷன் நிலையங்கள் பலவற்றில், பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரினின்று பிரித்து வளர்க்கப்பட்டனர். அவர்தம் தாய்மொழியும் தடுக்கப்பட்டது. இதனை 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை விரித்துரைக்கின்றது. பிள்ளைகளைப் பிரித்த தீங்கிற்காக 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஓலைச்சுவடி கண்ட நாட்டில் மாணாக்கராயும் இருந்த நம் ஊழியர், சுவடி காணாத நாட்டிற் பலவிடத்தும் ஆசிரியராய் மட்டுமே இருந்துவிட்டனர் என்பது என் துணிபு. பாறையை வெறும் பாறையென்றெண்ணியதே அதற்குக் காரணம்.

அவ்வுருவங்களை வணங்குக என்று யான் கூறவில்லை. படிக்கத் தெரியாத ஏட்டின்முன் நிற்பவன், அதனைப் படிக்கத் தெரிந்தாரிடம் பணிந்து கேட்டல் வேண்டும் என்றே கூறுகின்றேன். எரியும் முட்செடியின் எதிரே மோசே தம் பாதரட்சையைக் கழற்றி நின்றார். பேசவேண்டிய சொற்களைப் பின்னரே பெற்றார். பிறர் நாட்டிற்குச் செல்லும் கிறிஸ்தவன், யாத்திரிகனாயினும் ஊழியனாயினும், மேற்கொள்ளத்தக்க முறை அதுவேயாம்.