கோச்சி யாருக்காக ஓடுகிறது?

மலையகப் பாதையைப் பற்றிப் பேசுவோர் தெமோதரை வளைவையும், 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தையும் வியந்து பேசுவார்கள். பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. 1867இல் அது கண்டிக்கு வந்தது கோப்பிக்காக. 1885இல் நானுஓயாவை எட்டியபோது கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1924இல் பதுளை. ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டி எங்கே ஏறும் என்று கணக்குப் பார்த்தார்கள். லயத்து மக்கள் எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று தேயிலை லொறியில் போகிறது. பெட்டியின் இடத்தில் சுற்றுலாப் பயணி. வரட்டும், நாட்டுக்கு டொலர் வேண்டும். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் ஆசனங்கள் இணையத்தில் திறந்தவுடன் முடிந்துவிடுகின்றன. பிறகு அதே டிக்கெட் தரகர் கையில் பல மடங்கு விலைக்கு. கொழும்புக் கடையில் நிற்கும் நம் பிள்ளை தீபாவளிக்கு வீடு வருவது கழிவறை வாசலில் நின்றபடிதான்.

திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது என்று நம் வாயை அடைக்கிறார்கள். வீதிக்குக் கார்பட் போடும்போது அது எத்தனை ரூபா இலாபம் தரும் என்று யாராவது கேட்டார்களா? நுவரெலியா வழியாக இராகலை வரை ஓடிய சின்னப் பாதையையும் 1940களில் மூடித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அங்குள்ள மக்களுக்கு மிஞ்சியது பஸ்தான்.

நாம் கேட்பது புதிய பாதையல்ல. நாவலப்பிட்டிக்கும் நானுஓயாவுக்கும் இடையே பாடசாலை நேரத்துக்கும் வேலை முடியும் நேரத்துக்கும் இரண்டு மூன்று பெட்டிகளோடு ஒரு கோச்சி; கலபொட, வட்டவளை, ரொசல்ல, வட்டகொடை எல்லாவற்றிலும் நிற்க வேண்டும். ஒற்றைப் பாதை, இடமில்லை என்பார்கள். ஒதுங்கி நிற்க நிலையங்களில் இரண்டாவது தண்டவாளம் எதற்கு இருக்கிறது? மூன்றாம் வகுப்பில் ஒரு பகுதி ஆசனங்களை அந்தந்த நிலையக் கவுண்டரிலேயே, அன்றைய தினமே விற்க வேண்டும். அறிவிப்பு தமிழிலும் வர வேண்டும்; அது சலுகையல்ல, சட்டம்.

அட்டவணை போடுகிறவர்களுக்கு நம் நேரம் தெரியாது. ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்கள் தத்தமது டிவிசனில் பாடசாலை, ஆஸ்பத்திரி, வேலைக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த நிலையத்திலிருந்து போகிறார்கள் என்று எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு முன் காரியாலயத்தில் ஒப்படைக்கவும்.