எந்த இடம் என்று அவளே சொல்லட்டும்



பொல்பிட்டியவில் மழை விட்டபாடில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகளின் சித்திர வகுப்பு நிற்பதில்லை. இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகின்றேன். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகின்றேன்.

தொடக்கத்தில் கரும்பலகையில் மலை, சூரியன், வீடு, ஒரு தென்னை என்று வரைவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைய வேண்டும். (எங்கள் பக்கம் சூரியனைக் காண்பதே அருமை. இருந்தும் எல்லாக் கொப்பியிலும் சூரியன் சிரிக்கும். எங்களுக்கும் அப்படித்தானே படிப்பித்தார்கள்.) வந்த பிள்ளைகளில் ஒருத்திக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதத்தால் வலது கை மடங்கியே இருக்கும்; பேச்சும் தெளிவில்லை. நான் அவள் கையைப் பிடித்து அந்த வீட்டை வரைவித்து, "மிக நன்று" என்றும் போட்டுக் கொடுத்தேன். தாய் அதை லயக்காம்பராச் சுவரில் ஒட்டி வைத்தாள். அது பிள்ளையின் படமல்ல, என்னுடைய படம். அடுத்த கிழமை வர்ணப் பெட்டியைக் கண்டதுமே பிள்ளை அதைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"அக்கா, இவளுக்குக் கை வராது. ஏன் வீணா மினக்கெடுறியள்? இனிக் கூட்டிவரேல்ல" என்றாள் தாய்.

இந்தத் தாயைப் பற்றிச் சிலவற்றை அவளுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதவாறு மாற்றி எழுதுகின்றேன். 1977 வன்செயலில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். 2009இல் இவள் சிறுபிள்ளை. தகப்பனை இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு உறவுகளைத் தேடி இங்கே வந்து கொழுந்து பறிக்கின்றாள். ஒரு பாடசாலை, "இப்படியான பிள்ளைக்கு எங்களிடம் ஆசிரியர் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. தாய் மலைக்குப் போனால் பிள்ளை பூட்டிய காம்பராவுக்குள். சனிக்கிழமை வகுப்பும் இல்லையென்றால் அவளுக்கு வெளியே போக வேறு இடமில்லை.

அப்போதுதான் மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நினைவுக்கு வந்தது. கிழக்கிலுள்ள சகோதரிகள் சிலர் அறிந்திருப்பீர்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டில், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் அதைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று ஈடுபட்டார்கள். அதற்கு முன்னரே, 1980களில், ஹோகன் டொரொன்டோவின் புனர்வாழ்வு நிலையமொன்றில் இதுபோன்ற ஒரு தோட்டத்தை அமைத்திருந்தார். அங்கே மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடினார்கள், செய்தார்கள். மட்டக்களப்புப் பூங்காவின் விதை அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலும் சித்திர ஆசிரியைகள் சிலர் இதே எண்ணத்தைப் பாடசாலை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைதான் கலைஞர், வகுப்பறை அவருடைய வேலைக்கூடம், எதை, எதனால் செய்வது என்று அவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்களின் முறை.

நாங்கள் மண்டபத்தை நான்கு மூலையாகப் பிரித்தோம். ஒன்றில் வர்ணம். ஒன்றில் ஆற்றோரக் களிமண். ஒன்றில் தையற்கடைத் துண்டுத்துணி. மற்றதில் இலை, கல், கம்பி. முதல் ஐந்து நிமிடம் நான் ஏதாவதொன்றைச் செய்து காட்டுவேன். பிறகு அவரவர் விரும்பிய இடம். விருப்பம் என்றால் சந்தைக்கடை என்று நினைக்காதீர்கள். எடுத்ததைக் கழுவித் திருப்பி வைக்காமல் யாரும் இடம் மாற முடியாது. பிடிப்பதற்கு வசதியாக, பழைய ரப்பர் செருப்பில் ஓட்டை போட்டுத் தூரிகைக் காம்பைச் செருகினோம். கிண்ணம் வழுக்காமல் அடியில் ஈரத்துணி. பேச முடியாத பிள்ளைக்கு முன்னால் இரண்டு பொருளை வைத்துவிட்டு, அவள் கண் எதில் நிற்கிறது என்று பார்ப்பேன். காத்திருப்பதுதான் கஷ்டம். கை தானாக உதவிக்கு நீளும். மனதுக்குள் இருபது வரை எண்ணக் கற்றுக்கொண்டேன்.

அவள் களிமண்ணை எடுத்தாள். மூன்று கிழமையும் இடது முட்டியால் குத்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான்காம் கிழமை, எங்களில் நன்றாக வரையும் பையன் தன் தாளை விட்டுவிட்டு வந்து பார்த்தான். "இந்தக் குழியெல்லாம் எப்படிப் போட்டே?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முட்டியைக் காட்டினாள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வேலை இருக்கும்போது யார் முந்தினார், யார் பிந்தினார் என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

அன்று கூட்டிப்போக வந்த தாய் அந்த மண்ணை எடுத்து விளக்காக்கிக் கொடுக்கப் பார்த்தாள். பிள்ளை இடது கையால் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேண்டாம் எண்டு சொல்றாள் அக்கா. முதல் தரம்." கொஞ்ச நேரம் கழித்து, "முகாமில எல்லாத்துக்கும் வரிசை. தந்ததை வாங்கினம். என்ன வேணும் எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் பாடசாலைக்கு மறுபடியும் போக அவளே முன்வந்தாள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது, சகோதரிகளே. உடற்குறையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது சொல்கின்றது. இலக்கத்தைக் குறித்து வையுங்கள். கடிதமாக எழுதிக் கொடுத்துப் பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். பதிலில்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். நாங்கள் இரண்டு தடவை போனோம்.

இப்போது பிள்ளை கிழமையில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகின்றாள். கழிப்பறைக்குப் படிகள் இருப்பதால் இடைவேளைக்குத் தாய் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் அவளுக்கு அரைப்பேர்தான். தோட்டத்தோடும் பாடசாலையோடும் பேசிக்கொண்டிருக்கின்றோம். வருகிற சனிக்கிழமைக்குக் களிமண் இல்லை. ஆறு இறங்கினால்தான் எடுக்கலாம்.