விளம்பரத்தில் இல்லாத ரொட்டி

தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்திற்கு என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணும் அவ்விளம்பரங்களில் இடம்பெற்றாள். தேயிலைப் பெட்டிகளில் அவள் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் காலையில் என்ன உண்டாள் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

பொல்பிட்டியப் பக்கத்து லயங்களில் விடியுமுன்பே அடுப்பு புகையும். விறகில் வாட்டிய கோதுமை மா ரொட்டி, அம்மியில் அரைத்த சம்பல், பாலில்லாத் தேத்தண்ணீர். சீனியை உள்ளங்கையில் வைத்து, நாவால் தொட்டுத் தொட்டுக் குடிப்போம். எங்களுக்கெல்லாம் பிட்டுக் கொடுத்துவிட்டு, எஞ்சிய துண்டை மென்றபடியே அம்மா பெரட்டுக்கு ஓடுவார்.

அந்த ருசி இன்னும் நாவில் இருக்கிறது. அதற்காக அன்றைய பசியை அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெடுங்காலம் கோரிய ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல்தான் வர்த்தமானியில் வெளியானது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடியில் மாவின் விலையேற்றம் அதை விழுங்கிற்று.

தேயிலையை விற்க அவள் முகம் வேண்டுமெனில், அந்த விலையில் அவள் அடுப்புக்கும் உரிய பங்கு வேண்டும். அதைக் கேட்பது இரப்பதாகாது.