கீறிட்ட இடமும் தீவகத்துப் பிள்ளையும்

அனலைதீவுப் பிள்ளை தீவில் வாழ்கிறான், யாழ்ப்பாணத்தில் படிக்க விரும்புகிறான், துறையில் படகுக்குக் காத்திருக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். தமிழில் இந்நான்கிற்கும் ‘இல்’ என்னும் ஓர் உருபே போதும். ஆங்கிலமோ தீவுக்கு ‘ஒன்’, யாழ்ப்பாணத்துக்கு ‘இன்’, துறைக்கும் கணக்குக்கும் ‘அற்’ என்று கேட்கிறது.

இம்முன்னிடைச்சொற்களை நம் வகுப்பறைகள் பெரும்பாலும் எவ்வாறு கற்பிக்கின்றன? ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஒன்’ என்றால் மேலே என்று ஒரு விதி. அதன்பின் கீறிட்ட இடங்கள். அதன்பின் சிவப்பு மை. ‘குட்’ என்ற சொல்லோடு ‘அற்’ சேர்வதும், ‘டிபென்ட்’ என்ற சொல்லோடு ‘ஒன்’ சேர்வதும் எந்த மேலுக்குள், எந்த உள்ளுக்குள் அடங்கும்? விதியை நம்பிய பிள்ளையே இங்கு தோற்கிறான்.

இத்தகைய சொற்சேர்க்கைகளைப் பிரிக்காமல் முழுத் தொடராகவே கற்க வேண்டுமென்று ஹரோல்ட் பாமர் 1933ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் எழுதினார். 1993இல் மைக்கல் லூயிஸ் அக்கருத்தை ஒரு கற்பித்தல் முறையாகவே விரித்தார். நமக்கோ சான்று வீட்டிலேயே உண்டு. ‘பாம்புக்குப் பயம்’ என்று சொல்லும் குழந்தைக்கு நான்காம் வேற்றுமையை யார் கற்பித்தார்? தொடரைக் கேட்டது, தொடராகவே பேசியது. தொல்காப்பியர் வேற்றுமையை எட்டாக வகுத்ததும், மக்கள் பேசிய பின்னர்தானே!

‘இது கிளிப்பிள்ளைப் பாடம்’ என்பர் சிலர். ‘பாம்புக்குப் பயம்’ என்ற குழந்தை மறுநாளே ‘இருட்டுக்குப் பயம்’ என்கிறது. கிளி அவ்வாறு சொல்லுமா? விளங்காத விதியை ஒப்பிப்பதே கிளிப்பிள்ளைப் பாடம்.

கொழும்பில் ஆங்கிலம் பேசும் வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைக்கு இத்தொடர்கள் உணவு மேசையிலேயே கிடைக்கின்றன. மீனவன் மகளுக்கும் தோட்டக்காரன் மகனுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றே வழி. அங்கும் விதியை மட்டும் கொடுத்து அனுப்புவது, முன்னரே இருப்பவனுக்குப் பரிசளித்து, இல்லாதவனைத் தண்டிப்பதாகும். 1945இல் இலவசக் கல்வி வந்தது, கட்டணம் நீங்கியது, ஆனால் ஆங்கிலம் என்னும் வேலி நீங்கவில்லை. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயரிட்டது வெறும் வேடிக்கையன்று.

ஆகவே நாம் கோருவது இதுவே: புதிய சொல் ஒவ்வொன்றும் அதன் துணைச்சொல்லோடு சேர்ந்தே வகுப்புக்குள் வரட்டும். பிள்ளை அத்தொடரைக் கேட்கட்டும். தன் கடலையும் வயலையும் பற்றி அதனாலேயே பேசட்டும், எழுதட்டும். விதி பின்னர் வரட்டும். வினாத்தாளும் கீறிட்ட இடத்தை விட்டு, பிள்ளையின் சொந்த வாக்கியத்தைக் கேட்கட்டும். வாளைச் சிலர் கையில் மட்டும் விட்டுவைக்க நாம் ஆசிரியர்களாகவில்லை.